கஞ்சிப் பையும் புற்றுநோயும்: எது உறுதி, எது சந்தேகம், எது வதந்தி?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள். பிளாஸ்டிக் கப்பில் மட்டும் குடிக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

சில வாரங்களாக எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. லஞ்ச் சீட்டில் சோறு சாப்பிட்டால் புற்றுநோய் நிச்சயம், ஒவ்வொரு மனிதனும் கிழமைக்கு ஒரு வங்கி அட்டை அளவு பிளாஸ்டிக்கை விழுங்குகிறான், வைத்தியர்கள் இதை மறைக்கிறார்கள் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு தரம் 10 பிள்ளைகள் வகுப்பில் கேட்டார்கள்: "சேர், இது உண்மையா?"

நாங்கள் வைத்தியர்கள் அல்ல, ஆசிரியர்கள். தெரியாத விடயத்தைத் தேடி வாசித்து, பிள்ளைக்கு விளங்கும்படி சொல்வதுதான் எமது தொழில். ஆசிரியர் அறையில் நாலைந்து பேர் சேர்ந்து சில கிழமைகள் இதை வாசித்தோம். வகுப்பில் சொன்னதை ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் மைக்ரோபிளாஸ்டிக் என்றால் என்ன? 5 மில்லிமீற்றரை விடச் சிறிய பிளாஸ்டிக் துணிக்கைகளுக்கு அந்தப் பெயர். 2004ஆம் ஆண்டு பிரித்தானிய கடல் ஆய்வாளர் ரிச்சர்ட் தொம்சனின் ஆய்வுக்குப் பிறகுதான் இந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. அதிலும் மிகச் சிறியது, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கைவிடவும் சிறியது, நனோபிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியாது. சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் பெரும்பாலும் அகப்படாது.

இது எங்கிருந்து வருகிறது என்பதை எமது வளவிலேயே பார்க்கலாம். முற்றத்தில் ஒரு வருடம் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தடவிப் பாருங்கள், வெள்ளைத் தூள் கையில் ஒட்டும். வேலியில் சிக்கிய ஷொப்பிங் பேக் தொட்டவுடன் பொடிப்பொடியாக உதிரும். அது மறைந்து போகவில்லை, சிறியதாகிவிட்டது, அவ்வளவுதான். கடற்கரையில் கிடக்கும் நைலோன் வலை, வீதியில் தேயும் டயர், நாம் உடுத்தும் பொலியெஸ்டர் துணி எல்லாவற்றிலிருந்தும் இது உதிர்கிறது. எங்கள் வீட்டுப் பெண்களின் அபாயாக்களில் பெரும்பாலானவை பொலியெஸ்டர்தான். பள்ளிவாசல் கம்பளமும் பெரும்பாலும் செயற்கை இழைதான். வீட்டுத் தூசியில் இந்த இழைகள் நிறைய இருக்கின்றன.

பெரிய அளவில் நடந்ததும் எமது நாட்டில்தான். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் குருணிகள் அதில் இருந்தன. நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் அவை முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்த படங்களை நாமெல்லாம் பார்த்தோம். மேற்குக் கரைதானே என்று நாம் கிழக்கில் சும்மா இருக்கவும் முடியாது. எமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. அந்தக் குப்பையை யார் அனுப்பினார்கள்? சுற்றியுள்ள ஊர்கள்தான்.

சரி, மனித உடம்புக்குள் இது போகிறதா? போகிறது. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள், 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. அதற்கு முன் இத்தாலியில் 6 தாய்மாரின் நஞ்சுக்கொடியைப் பார்த்தபோது 4 பேரிடம் துணிக்கைகள் கிடைத்தன. 2024இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் போத்தல் தண்ணீரை ஆராய்ந்து, ஒரு லீற்றரில் சராசரியாக சுமார் 240,000 துணிக்கைகள் இருப்பதாக எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை நனோ அளவு.

இவ்வளவையும் கேட்டால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் உடம்புக்குள் இருக்கிறது என்பது ஒரு விடயம், அது புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது வேறு விடயம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் அந்தக் குரல் பதிவு ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறது.

புற்றுநோய் எப்படி உண்டாகலாம் என்று விஞ்ஞானிகள் சந்தேகிக்கும் வழிகள் மூன்று.

முதல் வழி, ஆறாத அழற்சி. உடம்புக்குள் ஒரு அந்நியப் பொருள் போனால் காவல் கலங்கள் அதை விழுங்கிக் கரைக்கப் பார்க்கும். பிளாஸ்டிக் கரையாது. அதனால் அந்த இடத்தில் போராட்டம் நீண்டுகொண்டே போகலாம். அப்போது வெளியாகும் இரசாயனங்கள் பக்கத்துக் கலங்களின் டீ.என்.ஏ.யைப் பாதிக்கலாம். பாதிக்கப்பட்ட கலம் பெருகிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒரு நாள் பிழையான கலம் பிறக்கும். இது வெறும் கற்பனை இல்லை, அஸ்பெஸ்டஸ் இப்படித்தான் செய்தது. அதன் நார்கள் நுரையீரலில் தைத்துப் பல பத்து ஆண்டுகள் கிடந்தன. 1960இல் தென்னாபிரிக்காவின் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த, வேலை செய்த 33 பேரின் அரிய புற்றுநோயை வைத்தியர்கள் எழுதி வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதற்குள் எத்தனையோ நாடுகளின் கூரையில் அந்த சீட் ஏறியிருந்தது. எமது கூரைகளிலும் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது வழி, பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் இரசாயனங்கள். மென்மைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, உறுதிக்கு ஒன்று என்று பலதைச் சேர்க்கிறார்கள். அவற்றில் பிஸ்பினோல் ஏ போன்றவை உடம்பில் பெண் ஹோர்மோனைப் போல நடிக்கக்கூடியவை. மார்பகப் புற்றுநோயில் பல வகைகள் ஹோர்மோனைத் தீனியாகக் கொண்டு வளர்பவை என்பதால்தான் இந்தச் சந்தேகம்.

மூன்றாவது, சுமைதாங்கி வேலை. பிளாஸ்டிக் துணிக்கையின் மேற்பரப்பில் வேறு நச்சுப் பொருட்களும் பார உலோகங்களும் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் ஏறி வருவது போல அதில் ஏறி உடம்புக்குள் வரலாம்.

இவையெல்லாம் ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலும் பார்த்தவை. மனிதரில் என்ன தெரியும்? 2024 டிசம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். மைக்ரோபிளாஸ்டிக் இனப்பெருக்கம், சமிபாடு, சுவாசம் ஆகியவற்றுக்குத் தீங்கு செய்யலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது, பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுடனும் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னார்கள். கவனியுங்கள், "சந்தேகிக்கப்படுகிறது", "இருக்கலாம்". அவர்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை விலங்கு ஆய்வுகள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலையையும் அஸ்பெஸ்டஸையும் வகைப்படுத்தியது போல மைக்ரோபிளாஸ்டிக்கைப் புற்றுநோய்க் காரணியாக இதுவரை வகைப்படுத்தவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? வைத்தியர்கள் மறைப்பதாலா? இல்லை. ஒன்று, புற்றுநோய் வெளிவர 20, 30 வருடங்கள் எடுக்கும். இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்க பிளாஸ்டிக்கே படாத ஒரு கூட்டம் உலகத்தில் இல்லை. புகைப்பவரையும் புகைக்காதவரையும் வைத்துப் பார்த்தது போல இங்கே பார்க்க முடியாது. மூன்றாவது, ஆய்வுகூடத்தின் காற்றிலும் கையுறையிலும் பிளாஸ்டிக் இருக்கிறது. எடுத்த துணிக்கை நோயாளியுடையதா, ஆய்வுகூடத்துடையதா என்று பிரிப்பது பெரிய வேலை. உடலிலுள்ள கொழுப்பைக்கூட சில கருவிகள் பிளாஸ்டிக் என்று காட்டிவிடுகின்றன.

தொழிற்சாலைகளில் மட்டும் கதை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. பீவீசீ செய்யப் பயன்படும் வைனைல் குளோரைட் வாயுவைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஈரலில் மிக அரிதான ஒரு புற்றுநோய் வந்ததை 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். இன்று அந்த வாயு உறுதியான புற்றுநோய்க் காரணி. ஆனால் அது உற்பத்தியின்போது வரும் வாயு. அதை வைத்து வீட்டுக் குழாய்த் தண்ணீர் குடித்தால் ஈரல் புற்றுநோய் என்று சொல்வது நியாயம் இல்லை.

இப்போது அந்த வங்கி அட்டைக் கதை. கிழமைக்கு 5 கிராம் என்ற கணக்கு 2019இல் வந்தது. பிறகு அந்தக் கணக்கை மீண்டும் பார்த்தவர்கள், அது பல மடங்கு கூட்டிச் சொல்லப்பட்டது என்று காட்டினார்கள். திருத்தம் வந்த செய்தி மட்டும் வட்ஸ்அப்பில் வரவில்லை. அதேபோல 2024இல் இத்தாலியில் நடந்த ஒரு ஆய்வும் புற்றுநோய் ஆய்வு என்று பகிரப்படுகிறது. அது கழுத்து இரத்தக்குழாய் பற்றியது. 257 நோயாளிகளில் 150 பேரின் இரத்தக்குழாய்ப் படிவில் பொலித்தீன் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ ஏற்படும் ஆபத்து சுமார் நாலரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பாரதூரமான விடயம்தான். ஆனால் அது இருதயத்தைப் பற்றியது, அதுவும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர காரணத்தை நிரூபிக்கவில்லை.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் சொல்கிறோம் தெரியுமா உறவுகளே? எமது பாடசாலைப் பிள்ளை ஒன்று இரத்தப் புற்றுநோய்க்கு மஹரகமவில் சிகிச்சை பெறுகிறது. வீட்டுக்குப் பார்க்கப் போனோம். அந்தத் தாயின் கையில் போன். அதே குரல் பதிவை யாரோ அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். "நான்தான் சேர் எண்ட புள்ளைக்கு நஞ்சக் குடுத்துட்டன். சின்னதில பிளாஸ்டிக் போத்தல்லதான் பால் குடுத்த" என்று சொல்லி அழுதார். பக்கத்தில் இருந்த ஒரு மாமி, "அதான் அப்பவே சொன்ன" என்றார்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் ஊசியையும் பஸ் பயணத்தையும் கடனையும் தூக்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் தோளில், நிரூபிக்கப்படாத ஒரு குற்றத்தையும் ஏற்றிவிட்டோம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ன காரணம் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. போத்தலில் பால் குடித்த இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். அந்தத் தாய் குற்றவாளி இல்லை. இதை அவரிடம் சொன்னோம், இங்கும் சொல்கிறோம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆறுதலையும் முடிந்தால் பஸ் செலவையும் கொண்டு போங்கள். காரணத்தைக் கொண்டு போகாதீர்கள்.

"அப்படியென்றால் பிளாஸ்டிக்கால் பிரச்சினை இல்லையா சேர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. எது உறுதியோ அதை முதலில் பார்ப்போம் என்றுதான் சொல்கிறோம்.

உறுதியான விடயம் ஒன்று: புகையிலை, பாக்கு. எமது நாட்டு ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று 2004இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். லஞ்ச் சீட்டைப் பற்றிய குரல் பதிவை வெற்றிலை போட்டுக்கொண்டே பகிர்கிறோம். பாடசாலை விட்டு வரும் பையன்கள் சிலரின் சட்டைப் பையில் மாவா பக்கெட் இருக்கிறது. பெற்றோர்களே, பிள்ளையின் பையைப் பாருங்கள்.

உறுதியான விடயம் இரண்டு: பிளாஸ்டிக்கை எரிக்கும் புகை. சந்தேகமே வேண்டாம். பீவீசீ போன்றவை எரியும்போது டயொக்சின் உண்டாகும். கரும்புகையில் வேறு பல நச்சுகளும் இருக்கும். அவற்றில் சில புற்றுநோய்க் காரணிகள் என உறுதியாக வகைப்படுத்தப்பட்டவை. திறந்த வெளியில் குப்பை எரிப்பது 2017 செப்டெம்பரில் இருந்து நாட்டில் தடை. ஆனால் எமது பாடசாலை மதிலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலை எட்டு மணிக்குப் புகை எழும்புகிறது. தரம் 3 வகுப்பின் யன்னலை மூடித்தான் பாடம் நடத்துகிறோம். இழுப்பு உள்ள பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுதுகிறார்கள். சாப்பாட்டில் போகும் துணிக்கையைப் பற்றி இவ்வளவு பயப்படும் நாம், சுவாசத்தில் போகும் நஞ்சை நெருப்பு மூட்டி நாமே அனுப்புகிறோம்.

மூன்றாவது, சூடும் பிளாஸ்டிக்கும் சேர்வது. இதில் புற்றுநோய் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் துணிக்கை உதிர்வது நிரூபிக்கப்பட்டது. 2020இல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பால் போத்தல்களைச் சோதித்தார்கள். 25 பாகை நீரில் லீற்றருக்கு சுமார் 6 இலட்சமாக இருந்த துணிக்கைகள், 95 பாகையில் 550 இலட்சமாகக் கூடின. அதாவது சூடுதான் விடயம். காகிதக் கோப்பையும் தப்பவில்லை. அதன் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கொதிநீர் பட்டால் அதிலிருந்து நனோ துணிக்கைகள் வெளிவருவதை 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? அஸ்பெஸ்டஸ் விடயத்தில் உலகம் காத்திருந்தது, அதன் விலையைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். செலவில்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைப்பதற்குச் சந்தேகமே போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை இவை:

சுடுசோறு, கொத்து, சூடான கறி, தேத்தண்ணி எதையும் பொலித்தீனில் வாங்க வேண்டாம். கடைக்குப் போகும்போது சில்வர் சட்டி கொண்டு போங்கள். எமது மூத்தம்மாமார் பித்தளைச் சட்டியும் வாழையிலையும் வைத்துத்தான் குடும்பம் நடத்தினார்கள். பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரிஜிபோம் பெட்டியும் 2017 முதல் தடை என்பதைக் கடைக்காரருக்கும் மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

பால்மா கரைக்கும் தாய்மார்களே, சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, ஆறிய பிறகு போத்தலில் ஊற்றுங்கள். போத்தலோடு மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். இவ்வளவு நாள் செய்ததை நினைத்து வருந்தவும் வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து வடித்துக் குடியுங்கள். 2024இல் சீன ஆய்வாளர்கள் பார்த்தபடி, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு தன்னோடு பிளாஸ்டிக் துணிக்கைகளையும் பிடித்துக்கொள்கிறது. கடின நீரில் 90 வீதம் வரை குறைந்தது. கேத்தலில் படியுது என்று நாம் நொந்துகொள்ளும் அந்தச் சுண்ணாம்பில் இப்படியும் ஒரு நன்மை.

வீட்டை உலர்ந்த தும்புத்தடியால் மட்டும் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி ஊராகச் செய்ய வேண்டியது. இன்ஷா அல்லாஹ் ரமழான் வரப் போகிறது. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கொடுப்பார்கள். சிறுவர்கள் வரிசையாக நின்று பொலித்தீன் பையில் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பைகள் மறுநாள் காலையில் வடிகானில் கிடக்கும், இல்லாவிட்டால் எரியும். முப்பது நாள், நூற்றுக்கணக்கான வீடுகள், கணக்கை நீங்களே போடுங்கள். நோன்பாளியின் வயிற்றுக்குப் போகும் முதல் உணவு அது.

நிர்வாகத்தினரிடம் நாங்கள் கடிதம் கொடுத்திருக்கிறோம். மூன்று விடயங்கள்தான். சட்டி கொண்டு வருபவருக்கே கஞ்சி. சட்டி இல்லாத வீடுகளுக்கு, ஸகாத் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு, தனவந்தர்களின் உதவியோடு ஒரு சில்வர் தூக்குச் சட்டி. ஜும்ஆவில் ஐந்து நிமிடம் குப்பை எரிப்பது பற்றிப் பேச்சு. இன்னும் பதில் வரவில்லை. நிர்வாகத்தில் உள்ளவர்களும் எமது மாணவர்களாக இருந்தவர்கள், பிள்ளைகளின் வாப்பாமார். கேட்பார்கள் என்று நம்புகிறோம். ஊரில் நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் விரைவாகக் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் இருந்தால் வட்ஸ்அப்பில் தேடாமல் வைத்தியரிடம் போங்கள். 35 வயது தாண்டிய சகோதரிகள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்கு வெட்கப்படாமல் போங்கள், இலவசம்தான். ராத்தாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நேரத்தோடு கண்டால் சுகமாக்க முடிந்த புற்றுநோய்கள் நிறைய உள்ளன.

அந்தப் பிள்ளைக்கும், எமது ஊரில் நோயோடு போராடும் எல்லோருக்கும் துஆ செய்யுங்கள். அடுத்த முறை அந்தக் குரல் பதிவு வந்தால் இந்தப் பதிவை அதற்குப் பதிலாக அனுப்புங்கள். கஞ்சிச் சட்டிக்குப் பங்களிக்க விரும்புபவர்கள் பாடசாலைக்கு வந்து எங்களில் யாரையாவது சந்தியுங்கள்.